லோட் பேலன்சருக்குப் பின்னால் தொலைந்துபோகும் இணைப்புகள்: தேடிப் பிடிக்கும் வழி

"சர்வரை நேரடியாகக் கூப்பிட்டால் பதில் வருகிறது, லோட் பேலன்சர் வழியாகக் கூப்பிட்டால் வரவில்லை." புகார் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் வரும். வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது லோட் பேலன்சர்; உடனே எல்லோருடைய சந்தேகமும் அதன் மேல் விழும். ஆனால் என் அனுபவத்தில் அது உண்மையான குற்றவாளியாக இருந்தது அபூர்வம். சர்வர், ஃபயர்வால், ரவுட் டேபிள் (பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியல்) ஆகியவற்றில் ஏற்கெனவே இருந்த குறை, நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் வெளியே தெரிகிறது. போகிற வழியை எல்லோரும் சோதிப்பார்கள். பாக்கெட் திரும்பி வருகிற வழியைச் சோதிக்க மறந்துவிடுவார்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டிசிபி இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று ஓரளவு தெரிந்தால் போதும்: கிளையன்ட் 'சின்' அனுப்பும், சர்வர் 'சின்-ஆக்' அனுப்பும், கிளையன்ட் 'ஆக்' அனுப்பி முடிக்கும்.

முதலில் ஒரு வேறுபாடு

நெட்வொர்க் லோட் பேலன்சர் நான்காம் அடுக்கில் வேலை செய்வது. உறையின் மேலுள்ள முகவரியை மட்டும் பார்த்து அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரிக்காது. ஏழாம் அடுக்கில் இருக்கும் எச்டிடிபி லோட் பேலன்சர் என்றால், பின்னால் சர்வர் விழுந்துகிடந்தாலும் 502 என்றோ 503 என்றோ ஒரு பக்கத்தைக் காட்டும். அதிலிருந்து ஒரு துப்பு கிடைக்கும். நெட்வொர்க் லோட் பேலன்சர் அந்த உதவியைச் செய்யாது. துப்பை நாம்தான் சேகரிக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் லோட் பேலன்சரைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வருக்குப் போய்ச் சேரும் பாக்கெட்டில், அனுப்பியவர் முகவரியாக யாருடைய ஐபி இருக்கிறது? கிளையன்ட்டுடையதா, லோட் பேலன்சருடையதா? சில அமைப்புகளில் கிளையன்ட் ஐபி அப்படியே காப்பாற்றப்படும். சிலவற்றில் லோட் பேலன்சர் தன் ஐபியை அங்கே போட்டுக்கொள்ளும். அமேசான் வெப் சர்வீசஸின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் இது டார்கெட் குரூப்பின் (பின்னால் நிற்கும் சர்வர்களின் பட்டியல்) வகையைப் பொறுத்து மாறும்: இன்ஸ்டன்ஸ் வகை டார்கெட் என்றால் கிளையன்ட் ஐபி காப்பாற்றப்படும், ஐபி வகை டார்கெட்டில் டிசிபி என்றால், நீங்களாக மாற்றாதவரை, லோட் பேலன்சரின் ஐபிதான் வரும். இந்த ஒரு பதில் தெரியாமல் ஃபயர்வால் விதி எழுதுவது இருட்டில் கல் எறிவதுதான்.

படி 1: எப்படித் தோற்றது என்று கேளுங்கள்

"கனெக்ட் ஆகவில்லை" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் அனுப்பச் சொல்லித்தான். ஒரு கதவைத் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விதமாக ஏமாற்றம் வரலாம்.

ஒன்று, மௌனம். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பாக்கெட் வழியில் எங்கோ விழுங்கப்பட்டது, அல்லது பதில் திரும்பி வரும்போது விழுங்கப்பட்டது. ஃபயர்வால், செக்யூரிட்டி குரூப் (கிளவுட் தரும் ஃபயர்வால் விதிகள்), ரவுட் டேபிள் ஆகியவை சந்தேகப் பட்டியலில் முதலில் வரும்.

இரண்டு, மறுப்பு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. கதவு திறந்து, "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டார். இது உண்மையில் நல்ல செய்தி. பாக்கெட் எங்கோ ஒரு இயந்திரம்வரை போய், பதிலும் உங்களிடம் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் அந்த போர்ட்டில் எந்த ப்ரோகிராமும் காத்திருக்கவில்லை என்று பொருள். சில ஃபயர்வால்கள் தாங்களே இப்படி மறுப்பு அனுப்புவதும் உண்டு. அதையும் மறக்க வேண்டாம்.

மூன்று, முறிப்பு. 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்'. உள்ளே விட்டு, உட்காரவைத்து, பேச்சின் நடுவே வெளியே தள்ளிவிட்டார்கள். அமைதி நேர வரம்பு, ப்ராக்ஸி ப்ரோட்டோகால் குழப்பம், ப்ரோகிராம் செத்துப்போனது என்று இதற்குக் காரணங்கள் வேறு. முதல் இரண்டையும் பின்னால் விளக்குகிறேன்.

எவ்வளவு நேரத்தில் தோற்றது என்பதும் முக்கியம். இணைப்பு கடைசியில் கிடைத்தது, ஆனால் ஏறக்குறைய 1 விநாடி அல்லது 3 விநாடி தாமதமாகக் கிடைத்தது என்றால், முதல் சின் பாக்கெட் தொலைந்து மறுமுறை அனுப்பியது வெற்றி பெற்றிருக்கிறது. 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல்கள் முதல் முயற்சிக்குப் பின் 1 விநாடி, பிறகு 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே காத்திருந்து மறுபடி அனுப்பும். அவை ஆறு முறை மறுமுயற்சி செய்து கைவிட 127 விநாடி ஆகும். அந்த எண்ணை லாக்கில் பார்த்தால், எங்கோ சின் முழுவதுமாக விழுங்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிங் பற்றி ஒரு வார்த்தை. பிங் போகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போகிறது என்பதை வைத்தும்தான். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி வேறு, உங்கள் 443-ஆம் போர்ட் வேறு. நெட்கேட், கர்ல் போன்ற இணைப்புச் சோதனைக் கட்டளைகளை வைத்து அந்த போர்ட்டையே தட்டிப் பாருங்கள்.

படி 2: பெயர் எந்த ஐபிக்குப் போகிறது?

டிக் கட்டளையால் லோட் பேலன்சரின் டிஎன்எஸ் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி வரும், ஒவ்வொரு அவைலபிலிட்டி சோனுக்கும் (கிளவுடின் தனித்தனி டேட்டா சென்டர் பகுதி) ஒன்றாக. வந்த ஒவ்வொரு ஐபியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கர்லில் 'ரிசால்வ்' என்றொரு தெரிவு இருக்கிறது. பெயரை மாற்றாமலேயே அதை எந்த ஐபிக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். மூன்று ஐபியில் இரண்டு உடனே பதில் தந்து, ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் உங்கள் தேடல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். செய்யாமல் இரண்டு நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளையன்ட் ப்ரோகிராம் பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் டெர்மினலில் வருகிற பதிலும், பல நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம் மனதில் வைத்திருக்கும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படி 3: சர்வர் உண்மையிலேயே காத்திருக்கிறதா?

சர்வருக்குள் போய் எஸ்எஸ் கட்டளையில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். போர்ட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். அதற்கு இடப்பக்கம் இருக்கும் முகவரியைப் படியுங்கள். 127.0.0.1:8080 என்றிருந்தால் அந்த ப்ரோகிராம் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வருபவர்களை மட்டும்தான் வரவேற்கும். 0.0.0.0:8080 என்றோ அந்த இயந்திரத்தின் சொந்த ஐபியோ இருக்க வேண்டும். சர்வருக்குள்ளிருந்து கர்ல் அடித்துப் பார்த்து "இங்கே வேலை செய்கிறதே" என்று சொல்பவர்கள் விழும் பள்ளம் இதுதான்.

ஆகவே சோதனையை அதே சர்வரிலிருந்து செய்யாதீர்கள். அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) இருக்கும் பக்கத்து இயந்திரத்திலிருந்து, சர்வரின் தனி ஐபிக்கு அடித்துப் பாருங்கள். அங்கிருந்தும் வரவில்லையென்றால் லோட் பேலன்சரைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம்.

கூடுதலாக ஒன்று. சில லோட் பேலன்சர்கள் போய்ச்சேர வேண்டிய முகவரியைக்கூட மாற்றாமல், தங்கள் ஐபி அதில் இருக்கும்படியே பாக்கெட்டைச் சர்வரிடம் தள்ளிவிடும். கூகுள் கிளவுடின் பாஸ்த்ரூ வகை அப்படித்தான். லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரின் டைரக்ட் ரவுட்டிங் முறையும் அப்படித்தான். அங்கே சர்வர் அந்த லோட் பேலன்சர் ஐபியையும் தன் ஐபியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ப்ரோகிராமைத் தன் சொந்த ஐபியில் மட்டும் கட்டிப்போட்டால், வருகிற பாக்கெட்டை "இது எனக்கு வந்ததில்லை" என்று தள்ளிவிடும்.

படி 4: ஹெல்த் செக் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஹெல்த் செக் என்பது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்பது. டார்கெட்டுகள், அதாவது பின்னால் நிற்கும் சர்வர்கள், ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்று கன்சோலில் பாருங்கள். சிவப்பாக இருந்தால், ஹெல்த் செக் எந்த போர்ட்டுக்கு, எந்த ப்ரோட்டோகாலில், எந்தப் பாதையில் போகிறது என்று மூன்றையும் படியுங்கள். எச்டிடிபி ஹெல்த் செக்கில் ஹோஸ்ட் பெயர் உங்கள் டொமைனாக இருக்காது, பெரும்பாலும் ஐபியாக இருக்கும். பெயரைப் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வெப் சர்வர் அதற்கு 404 என்று பதில் சொல்லலாம்.

பச்சையாக இருந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். டிசிபி ஹெல்த் செக் பார்ப்பது மூன்று பாக்கெட் கைகுலுக்கலை மட்டும். அந்தக் கைகுலுக்கலைச் செய்வது உங்கள் ப்ரோகிராம் அல்ல, இயக்க முறைமையின் மையமான கெர்னல். ப்ரோகிராம் உள்ளே உறைந்து நின்றாலும், காத்திருப்பு வரிசை நிரம்பும்வரை கெர்னல் கைகுலுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ப்ரோகிராம் எப்போதோ நின்றுவிட்டிருந்தும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முடிந்தால் ப்ரோகிராமே பதில் சொல்ல வேண்டிய எச்டிடிபி ஹெல்த் செக்காக மாற்றுங்கள்.

ஹெல்த் செக் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. அஸூரில் அது 168.63.129.16 என்ற ஒரே முகவரியிலிருந்து வரும். கூகுள் கிளவுடில் பல வகை லோட் பேலன்சர்களுக்கு 35.191.0.0/16 என்ற வரம்பு அதில் இருக்கும். அமேசானில் லோட் பேலன்சரின் தனி ஐபிகளிலிருந்து வரும். கிளையன்ட்டுகளைத் திறந்துவிட்டு இவற்றை மறந்தால் டார்கெட் சிவப்பிலேயே நிற்கும்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும், அதுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது: எல்லா டார்கெட்டும் பச்சை, ஆனால் வெளியிலிருந்து ஒருவருக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. சர்வரின் செக்யூரிட்டி குரூப்பில் உள் நெட்வொர்க் வரம்பை மட்டும் அனுமதித்திருப்பார்கள். ஹெல்த் செக் உள்ளிருந்து வருவதால் அது நுழைந்துவிடும். கிளையன்ட் ஐபி காப்பாற்றப்படுவதால் உண்மையான கிளையன்ட்டுகள் வெளி முகவரியோடு வந்து வாசலில் நிற்பார்கள்.

எதையாவது மாற்றினால் பொறுத்திருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை சோதனை, தொடர்ந்து மூன்று முறை வெற்றி பெற்றால்தான் பச்சை என்று அமைத்திருந்தால், ஒன்றரை நிமிடம்வரை நிறம் மாறாது. அதற்குள் பொறுமையிழந்து இன்னும் இரண்டு இடத்தில் கைவைத்தால், கடைசியில் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

படி 5: வடிகட்டிகள், போகும் வழியும் வரும் வழியும்

பாக்கெட் கடக்கும் வாசல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: கிளையன்ட் பக்க ஃபயர்வால், லோட் பேலன்சரின் செக்யூரிட்டி குரூப், சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் முழுவதற்குமான அனுமதி விதிகள்), சர்வரின் செக்யூரிட்டி குரூப், சர்வருக்குள்ளேயே இருக்கும் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் அல்லது என்எஃப்டேபிள்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு அம்புக்குறி, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

செக்யூரிட்டி குரூப் நினைவு வைத்துக்கொள்ளும் வகை. உள்ளே விட்ட இணைப்புக்கான பதிலைத் தானாகவே வெளியே விடும். நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு அந்த நினைவு கிடையாது. உள்ளே 443-ஐத் திறந்துவிட்டு, வெளியே எதையும் திறக்காமல் இருந்தால் பதில் அங்கேயே செத்துப்போகும். பதில் போவது கிளையன்ட் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட போர்ட்டுக்கு. லினக்ஸ் கிளையன்ட் என்றால் வழக்கமாக 32768 முதல் 60999-க்குள் ஏதாவது ஒன்று. எல்லா வகைக் கிளையன்ட்டுகளும் வருவார்கள் என்றால் 1024 முதல் 65535 வரை வெளியே விட வேண்டியிருக்கும்.

அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சருக்கு செக்யூரிட்டி குரூப் இணைக்கும் வசதி 2023 ஆகஸ்டில்தான் வந்தது. லோட் பேலன்சரை உருவாக்கும்போதே ஒன்றை இணைத்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லாமல் உருவாக்கியதற்குப் பிறகு சேர்க்க முடியாது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு "இதற்கு செக்யூரிட்டி குரூப்பே கிடையாது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வடிகட்டி இல்லாமலேயே பதில் தொலையும் இன்னொரு வழி, ரவுட் டேபிள். கிளையன்ட் ஐபி காப்பாற்றப்பட்டால், சர்வர் பதிலை அந்தக் கிளையன்ட் முகவரிக்கு அனுப்பும். அந்தப் பதில் வந்த வழியே திரும்ப வேண்டும். சர்வரின் இயல்பு கேட்வே வேறொரு பக்கம் திருப்பிவிட்டால், நடுவில் இருக்கும் ஃபயர்வால் "இந்த இணைப்பின் தொடக்கத்தையே நான் பார்க்கவில்லையே" என்று அதைத் தூக்கி எறியும். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வர்களில் லினக்ஸின் 'ஆர்பி ஃபில்டர்' (பதில் அதே கார்டு வழியாகத் திரும்புமா என்று பார்க்கும் சோதனை) கண்டிப்பான நிலையில் இருந்தால், உள்ளே வரும் பாக்கெட்டையே சத்தமில்லாமல் உதறிவிடும்.

படி 6: பாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள்

ஊகம் தீர்ந்துபோகும் இடம் இது. சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓடவிட்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் வடிகட்டி, வெளியிலிருந்து ஒரே ஒரு இணைப்பை முயலுங்கள். ஹெல்த் செக்கின் சின்களும் அதில் கலந்து வரும். அனுப்பியவர் ஐபியை வைத்துப் பிரித்தறியுங்கள். வருவது இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

சின் வரவே இல்லை. பிரச்சினை சர்வருக்கு முன்னால். படி 5-இன் தாளில் சர்வருக்கு முந்தைய வாசல்களுக்குத் திரும்புங்கள்.

சின் வந்தது, சின்-ஆக் போகவில்லை. பாக்கெட் வாசல்வரை வந்துவிட்டது. டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸுக்கு முன்பே பார்த்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். "டிசிபிடம்ப்பில் சின் தெரிகிறது, ஆகவே ஃபயர்வால் விட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவது தவறு. சர்வரின் உள் ஃபயர்வால், ஆர்பி ஃபில்டர், நிரம்பி வழியும் காத்திருப்பு வரிசை என்று மூன்றையும் பாருங்கள்.

சின் வந்தது, சின்-ஆக் போனது, ஆனால் சின்னும் சின்-ஆக்கும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. வெளியே போகும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது ஐபிடேபிள்ஸைக் கடந்த பிறகு. ஆகவே சின்-ஆக் தெரிந்தால் அது உள் ஃபயர்வாலைக் கடந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். குற்றம் வெளியே.

சின் வந்த உடனே ரீசெட் போகிறது. போர்ட்டில் யாரும் இல்லை. அல்லது ஃபயர்வால் மறுக்கிறது. படி 3.

முடிந்தால் கிளையன்ட் பக்கத்திலும் அதே நேரத்தில் இன்னொரு டிசிபிடம்ப் ஓடட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, எந்தப் பாக்கெட் எந்த இடைவெளியில் காணாமல் போனது என்பது கையும் களவுமாகத் தெரியும்.

ரீசெட் எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியவில்லையென்றால், அமேசானில் அதற்கு மூன்று தனித்தனி எண்ணிக்கைகள் இருக்கின்றன: கிளையன்ட் அனுப்பியவை, டார்கெட் அனுப்பியவை, லோட் பேலன்சரே உருவாக்கியவை. எந்தக் கோடு உயருகிறது என்று பார்த்தால் போதும், சண்டை போட வேண்டியதில்லை.

எப்போதாவது மட்டும் தோற்றால்

எப்போதும் தோற்கும் இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. பத்தில் ஒருமுறை தோற்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். இதற்குக் கணக்கு உதவும். நூறு முறை முயன்று, எத்தனை தோற்றது என்று எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால், மூன்று சோன்களில் ஒன்று அல்லது மூன்று சர்வர்களில் ஒன்று கெட்டிருக்கிறது. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் சோன் தாண்டிப் பகிர்வது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சோனில் வந்த இணைப்பு அந்தச் சோனின் சர்வருக்குத்தான் போகும்.

சர்வர் தானே லோட் பேலன்சர் வழியாகத் தன் குழுவைக் கூப்பிடும்போது மட்டும் அவ்வப்போது தோற்கிறதா? இணைப்பு சுற்றிவந்து அதே சர்வரிடமே விழுந்திருக்கிறது. கிளையன்ட் ஐபி காப்பாற்றப்படும்போது அனுப்பியவரும் பெறுபவரும் ஒரே ஐபியாகிவிடும். தன் ஐபியையே அனுப்பியவர் முகவரியாகக் கொண்டு வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை இயந்திரம் ஏற்காது. மூன்று சர்வர் இருந்தால் சுமார் மூன்றில் ஒருமுறை இது நடக்கும். கிளையன்ட் ஐபி காப்பதை அணைப்பதோ, உள்ளுக்குள் கூப்பிடுவதற்கு வேறு வழி வைப்பதோதான் தீர்வு.

சுமை ஏறும்போது மட்டும் தோற்கிறதா? சர்வரில் நெட்ஸ்டாட்டின் புள்ளிவிவரப் பகுதியில், காத்திருப்பு வரிசை எத்தனை முறை நிரம்பி வழிந்தது என்று ஒரு வரி இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் வரிசை போதவில்லை. லினக்ஸ் 5.4-க்கு முன் அந்த வரிசையின் உச்சவரம்பு இயல்பாக 128-தான். அதன் பிறகு 4096 ஆக்கினார்கள். வரம்பைக் கூட்டினால் மட்டும் போதாது, ப்ரோகிராம் கேட்கும் எண்ணும் கூட வேண்டும். இரண்டில் சிறியதுதான் செல்லும். கெர்னல் லாக்கில், நடப்பு இணைப்புகளைக் குறித்து வைக்கும் கான்ட்ராக் அட்டவணை நிரம்பிவிட்டதாக எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

லோட் பேலன்சர் தன் ஐபியைப் போட்டுக்கொள்ளும் அமைப்பில் இன்னொரு எல்லை வரும். ஒரு டார்கெட்டுக்கு அது எடுத்துக்கொள்ளக்கூடிய போர்ட்டுகளுக்கு அளவு உண்டு. அமேசான் இதை ஒரு டார்கெட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 55,000 இணைப்புகள் என்று குறிப்பிடுகிறது. அதைத் தாண்டினால் போர்ட் ஒதுக்கீட்டுப் பிழைகள் எண்ணப்படத் தொடங்கும். டார்கெட்டுகளைக் கூட்டுவது எளிய வழி.

பழைய லினக்ஸ் சர்வர் இன்னும் வைத்திருப்பவர்கள் 'டைம்-வெயிட் ரீசைக்கிள்' அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேட்டுக்குப் பின்னால் (அதாவது ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொண்டு) இருக்கும் பல கிளையன்ட்டுகளில் சிலருடைய சின்களை மட்டும் அது உதறிவிடும். 2017-இல் வந்த 4.12 பதிப்பில் அதையே நீக்கிவிட்டார்கள். அதை இயக்கச் சொல்லும் பழைய "வேகமாக்கும் குறிப்புகள்" மட்டும் இணையத்திலிருந்து நீங்கவில்லை.

சும்மா இருந்த இணைப்பு

ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது, காலையில் வரும் முதல் கோரிக்கை மட்டும் தோற்கும். இரண்டாவது நன்றாகப் போகும். யாராவது ப்ரோகிராமை மறுதொடக்கம் செய்வார்கள், "சரியாகிவிட்டது" என்பார்கள், மறுநாள் காலை மறுபடி வரும். மூன்று நாள் நானும் அதையே செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ப்ரோகிராம் டேட்டாபேஸுக்கான இணைப்புகளை மூடாமல், மறுபடி பயன்படுத்த ஒரு குளத்தில் (கனெக்ஷன் பூல்) போட்டு வைத்திருந்தது. இரவில் யாரும் தொடாததால் நடுவில் இருந்த லோட் பேலன்சர் அவற்றை மறந்துவிட்டது. இரண்டு முனைகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு லோட் பேலன்சருக்கும் இப்படி ஒரு அமைதி நேர வரம்பு உண்டு. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் டிசிபிக்கு இயல்பு 350 விநாடி. அஸூரில் 4 நிமிடம். வரம்பு தாண்டியபின் பேசினால், அமேசானில் ரீசெட் வரும். அஸூரில் ரீசெட் அனுப்பும் தெரிவை இயக்காவிட்டால் மௌனம்தான், அது இன்னும் மோசம். கிளையன்ட் நிமிடக்கணக்கில் காத்திருக்கும்.

மருந்து, சும்மா இருக்கும் இணைப்பில் அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட் அனுப்பும் டிசிபி கீப்அலைவ். ஆனால் லினக்ஸில் அதன் இயல்பு 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம். 350 விநாடியில் மறந்துவிடுபவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்துப் பயனில்லை. அதை 60 விநாடி அளவுக்குக் குறையுங்கள். ப்ரோகிராம் தன் சாக்கெட்டில் கீப்அலைவை இயக்கியிருந்தால்தான் அந்த எண்ணுக்கே வேலை, அதையும் சரிபாருங்கள். குளத்தில் ஒரு இணைப்பு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்பதையும் லோட் பேலன்சரின் வரம்புக்குக் கீழே வையுங்கள்.

கைகுலுக்கல் முடிந்து, பிறகு உறைந்தால்

இணைப்பு கிடைக்கிறது, சின்னப் பதில்கள் வருகின்றன, பெரிய பதில் வந்தால் மட்டும் உறைந்துவிடுகிறது. அல்லது டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறைகுறியாக்கம்) தொடக்கத்திலேயே, கிளையன்ட் முதல் வணக்கம் சொன்ன பிறகு, எதுவும் வரவில்லை. எம்டியுவை, அதாவது வழியில் நுழையக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகியுங்கள். சர்டிஃபிகேட் வரிசை பெரியது, அதுதான் முழு அளவில் போகும் முதல் பாக்கெட். வழியில் ஒரு டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) இருந்தால் 1500 பைட் அதற்குள் நுழையாது; விஎக்ஸ்லேன் என்ற டனல் வகை என்றால் 50 பைட் அதன் உறைக்கே போய்விடும். "சின்னதாக அனுப்பு" என்று திரும்பிவரும் ஐசிஎம்பி செய்தியை, பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ அடைத்திருப்பார்கள். வகை 3, குறியீடு 4 என்ற அந்தச் செய்தியைக் கண்டிப்பாகத் திறந்துவிட வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1472 பைட் பிங் அடித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் எங்கே நுழைகிறது என்று தெரியும். பிங் அனுமதிக்கப்பட்ட பாதையில் மட்டும் இது உதவும்.

கைகுலுக்கல் முடிந்து உடனே முறிகிறது, அல்லது வெப் சர்வர் 400 என்கிறது என்றால், ப்ராக்ஸி ப்ரோட்டோகாலைப் பாருங்கள். கிளையன்ட் ஐபியைச் சொல்ல லோட் பேலன்சர் இணைப்பின் தலையில் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கும். சர்வர் அதை எதிர்பார்க்கவில்லையென்றால் குப்பை என்று நினைக்கும். எதிர்பார்த்து வரவில்லையென்றாலும் இணைப்பை முறிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இயக்க வேண்டும், ஒன்றாக அணைக்க வேண்டும். லாக்கில் முதல் வரி விநோதமான பைனரி எழுத்துகளாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

குபர்நெட்டீஸ் வைத்திருப்பவர்களுக்கு

டார்கெட் பட்டியலில் பாதி நோடுகள் (குபர்நெட்டீஸின் இயந்திரங்கள்) சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சர்வீஸின் 'எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசி' லோக்கல் என்றிருந்தால், ப்ரோகிராம் ஓடும் பாட் இல்லாத நோடுகள் ஹெல்த் செக்கில் தோற்பதுதான் சரியான நடத்தை. பாட் இருக்கும் நோடும் சிவப்பாக இருந்தால்தான் கவலை. அப்போது நோட்போர்ட் வரம்பான 30000 முதல் 32767 வரை நோடின் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால் நெட்வொர்க் குழுவிடமோ கிளவுட் நிறுவனத்தின் உதவிப் பிரிவிடமோ போக வேண்டியதுதான். தோற்ற ஒரே ஒரு இணைப்பின் ஐந்து விவரங்களைக் கொடுங்கள்: கிளையன்ட் ஐபி, கிளையன்ட் போர்ட், லோட் பேலன்சர் ஐபி, லோட் பேலன்சர் போர்ட், டிசிபியா யூடிபியா. இரண்டு முனைகளின் டிசிபிடம்ப் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். "நேற்று மாலை முதல் சரியில்லை" என்ற வரியை வைத்து அவர்களாலும் எதையும் தேட முடியாது. விநாடி வரை நேரத்தை எழுதுங்கள், எந்த நேர மண்டலம் என்பதோடு. அவர்களுடைய லாக்குகள் பெரும்பாலும் யூடிசியில்தான் இருக்கும்.